வசைச்சொல் இல்லாமல் வாதிட எந்த வழி? ஜல்லிக்கட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

2017 ஜனவரி மூன்றாம் வாரத்தில், ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கோரி மெரினாவிலும் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் இரவு பகலாக அமர்ந்திருந்த நாள்களில், மதுரைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊர் வீட்டில் இரண்டு சொற்கள் வீசப்பட்டன. என் அண்ணன் வீட்டில் மூன்று தலைமுறையாக வாடிவாசலுக்குக் காளை வளர்க்கிறார்கள். என் மகள் அப்போது கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் போராட்டத்தை முன்னிட்டுத் தங்கிவிட்டாள். மாட்டின் பயத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்று அவள் தன் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். வெளிநாட்டுப் பணத்துக்குப் பேசும் கைக்கூலிகளின் பாடத்தைத்தான் இந்தப் படிப்பில் கற்றுவந்தாயா என்று அவர் கேட்டார். அதன்பின் பத்து மாதங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

இரண்டு சொற்களுமே பொய். கழிச்சல் கண்ட கன்றுக்காக மூன்று இரவு தொழுவத்திலேயே படுத்திருந்தவர் என் அண்ணன். பத்து வயதில் அதே தொழுவத்தில் சாணி அள்ளியவள் என் மகள். அவளுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. ஆனால் அந்தச் சொற்கள் பொய்யாக இருந்தது அவற்றின் பெரிய கேடு என்று நான் கருதவில்லை. அவை விழுவதற்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்த வாதம் காளையைப் பற்றியது. விழுந்த பிறகு அது இரண்டு மனிதர்களின் மானத்தைப் பற்றியதாகிவிட்டது. காளையைப் பற்றிய கேள்விக்குப் பார்த்தும் விசாரித்தும் படித்தும் ஓரளவு விடை காணலாம். மானத்தைப் பற்றிய வழக்கில் ஒருவர் தலைகுனிந்தால் மட்டுமே மற்றவர் ஓய்வார், அப்படித் தலைகுனிய யாரும் முன்வருவதில்லை.

அந்த ஆண்டு தீபாவளி கழிந்ததும், வரும் பொங்கலுக்கு மகள் ஊருக்கு வருவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. வந்தால் இந்த விஷயத்தை எப்படிப் பேசுவது, அல்லது பேசாமலே விடுவது என்பதை நான் முடிவு செய்யவேண்டியிருந்தது. என் முன் ஐந்து வழிகள் இருந்தன: மௌனம், வெளிப்படையான கண்டனம், நடுவர் வைத்த பட்டிமன்றம், கடிதம், எதிர்தரப்பின் வாதத்தை முதலில் நாமே எடுத்துரைத்துப் பின்னர் மறுக்கும் பழைய பரபக்க முறை. இவற்றை ஒப்பிட மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். பேசி முடிந்தபின் இருதரப்பும் விஷயத்தை முன்பைவிட நன்றாக அறிந்திருக்குமா? மறுநாள் ஒரே பந்தியில் உட்கார முடியுமா? அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாத மூன்றாம் தரப்புக்கு, இங்கே வாயில்லாத காளைக்கும் களத்தில் குத்துப்படும் இளைஞனுக்கும், அதனால் ஏதேனும் நன்மை உண்டாகுமா? மூன்றாவது அளவுகோலை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அறம் சார்ந்த வழக்குகளில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது வாதிடுகிற இருவருக்கும் அப்பால் இருக்கிற யாரோ ஒருவர்தான்.

மௌனத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதையே பரிந்துரைத்தார்கள். மௌனம் நாள் கடத்தும், சூடு தணியும், திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள் முன் அசிங்கம் நேராது. இவை சிறிய நன்மைகள் அல்ல. சொல் தடித்த அன்றிரவே பேசித் தீர்க்க முயல்வதைவிட ஒரு வாரம் வாயை மூடியிருப்பது நிச்சயமாக மேல். ஆனால் எங்கள் வீட்டில் பத்து மாதம் நிலவிய மௌனத்தில் கருத்து வேறுபாடு குறையவில்லை. அந்த இரண்டு வசைச்சொற்களும் அவரவர் மனத்தில் எதிராளியைப் பற்றிய கடைசி வாக்கியங்களாக உறைந்துபோயிருந்தன. பேசினால்தான் ஒருவர் மற்றவரின் கணிப்பைப் பொய்யாக்க முடியும். மூன்றாவது அளவுகோலில் மௌனத்தின் மதிப்பு பூஜ்யம்: காளை அவிழ்க்கப்படுவது அவிழ்க்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அது சரியென்றாலும் தவறென்றாலும்.

கண்டனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மரியாதையாகப் பேசவேண்டும் என்றாலே கண்டிக்கக்கூடாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது பெரும்பிழை. ஒரு செயலைக் கொடுமை என்பதும், அதைச் செய்தவரைக் கொடியவர் என்பதும், அவர் பிறந்த ஊரை, சாதியை, படிப்பைச் சேர்த்துக் கொடியவர்கூட்டம் என்பதும் மூன்று வெவ்வேறு நிலைகள். முதலாவது வாதம், ஏனென்றால் அதற்குச் சான்று கேட்கலாம், கொடுக்கலாம். மூன்றாவது வசை. இரண்டாவது, இரண்டுக்கும் இடையே வழுக்கும் படி. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பில், காளையின் வாலை முறுக்குவது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருள்களைத் தடவுவது, பயந்த விலங்கைக் கூட்டத்தின் நடுவே விரட்டுவது ஆகியவை விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி வதை என்று கடுமையாகவே சொல்லப்பட்டது. அந்தக் கடுமை செயல்களின் மீது இருந்தது. ஆகவேதான் அதற்கு மறுமொழியாக, வாலைப் பிடிக்கக்கூடாது, திமிலை மட்டுமே தழுவவேண்டும், கால்நடை மருத்துவர் சோதித்த பின்பே காளை வாடிவாசலுக்குப் போகவேண்டும் என்ற விதிகளைக் காட்ட எதிர்தரப்பால் முடிந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, அந்தச் சட்டமும் விதிகளும் விலங்கின் வலியைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன என்பது அதன் காரணங்களுள் ஒன்று. தீர்ப்பு சரியா தவறா என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரு கட்சி உண்டு. ஆனால் செயலைக் குறித்த கண்டனத்துக்கு விதியால் விடை சொல்ல முடிந்தது என்பதை இரு கட்சியும் ஏற்கும். காட்டுமிராண்டி என்ற சொல்லுக்கு எந்த விதியால் விடை சொல்ல முடியும்?

செயலின்மீது ஒட்டிய பெயரும் ஆளின்மீது ஒட்டிய பெயரும் காலத்தில் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு நம் பொதுவாழ்விலேயே இரண்டு சான்றுகள் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பெரியாரும் பிறரும் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். ஒரே சொல்லில் எதிர்ப்பின் காரணம் முழுவதும் அடங்கிய பெயர் அது: பிள்ளை அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்றால், சாதித் தொழிலே அவன் தலையில் கட்டப்படும் என்பது. அந்தப் போராட்டத்தில் ஆட்களைக் குறித்த கடுஞ்சொற்களும் இல்லாமல் இல்லை. ஆயினும் நிலைத்தது திட்டத்தின்மீது விழுந்த பெயர். திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, முதுமையில் தளர்ந்திருந்த பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு எதிரெதிர் நின்ற இருவருக்குள் அது மிச்சமிருந்தது.

மற்றொன்று அருட்பா–மருட்பா வழக்கு. வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறியபோது, தேவாரத் திருவாசகங்களுக்கு உரிய இடத்தைச் சமகாலப் பாடல்களுக்குத் தரலாமா என்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் எழுப்பிய கேள்வி உண்மையில் ஆழமானது. எது அருளால் வந்தது, அதை யார் தீர்மானிப்பது, அதற்கு என்ன அளவுகோல் என்பவை ஒரு சமயத்தின் அடிப்படைக் கேள்விகள். ஆனால் 'போலி' என்றும் 'மருட்பா' (மயக்கத்தில் பிறந்த பாட்டு) என்றும் பெயர் சூட்டல் தொடங்கிய பிறகு, வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இருவரும் மறைந்த பின்பும் அவர்களுடைய அன்பர்கள் ஒழுக்கத்தையும் பிறப்பையும் இழுத்துத் துண்டறிக்கைப் போர் நடத்தினார்கள். இன்று பலருக்கு அந்தப் பெயர்கள் நினைவிருக்கின்றன. நாவலரின் கேள்வி என்ன, அதற்கு எதிர்தரப்பு என்ன விடை சொன்னது என்று கேட்டால் சொல்பவர் சிலரே. இருபெரும் தமிழறிஞர்களை வைத்துக்கொண்டு நாம் இழந்த உரையாடல் அது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எனவே கண்டனத்தைப் பற்றி என் முடிவு இதுதான். கண் முன்னே ஒருவன் மாட்டின் வாலைக் கடிக்கும்போது, அவனுடைய தரப்பை முதலில் கேட்டறிவோம் என்று நிற்பது மரியாதை ஆகாது. 'விடு' என்று கத்தவேண்டும். அவசரத் தீங்கு நடக்கும் இடத்தில் கண்டனம் முதல் வழி. நடந்து முடிந்ததையோ நடக்கப்போவதையோ பற்றிய வாதத்தில் அது செயலை மட்டும் தொட்டால் பயன்படும், ஆளைத் தொட்டால் அடுத்த நொடியே வாதம் முடிந்துவிடும்.

பட்டிமன்றத்தை என் தங்கை மகன் முன்மொழிந்தான். பொங்கல் அன்று முற்றத்தில் இரண்டு அணி, நடுவராக ஊர்த் தலைமையாசிரியர், அரை மணி நேரம் என்பது அவன் திட்டம். இந்த வடிவத்தை நான் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை, ஏனென்றால் வசையற்ற வாதத்துக்கான நம் மிகப் பழைய விதிகளுள் ஒன்று இதனோடுதான் பிறந்திருக்கிறது. மணிமேகலையில் பூம்புகாரின் இந்திர விழாவுக்கு முரசறையும் வள்ளுவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறும்படி அழைக்கிறான். அழைத்த கையோடு, பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் செற்றமும் கலாமும் செய்யாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் அறிவிக்கிறான். செற்றம் நெஞ்சில் ஊறுகிற பகை. கலாம் வெளியே வெடிக்கிற சண்டை. நகரத்தைத் துப்புரவு செய்யவும் தோரணம் கட்டவும் சொன்ன அதே அறிவிப்பில் இதுவும் இடம்பெறுகிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் வியக்கிறேன். வாதிடும் மேடை ஒரு பொது வசதி, அதைத் தூய்மையாக வைத்திருப்பது ஊரின் பொறுப்பு என்று அந்த நகரம் கருதியிருக்கிறது.

இன்றைய பட்டிமன்றத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எந்த அணியில் பேசுவது என்பது பெரும்பாலும் ஒதுக்கப்படுவது, ஆகவே பேசுகிறவரின் மானம் அவருடைய தரப்போடு பிணைக்கப்படுவதில்லை. என் அண்ணனைத் தடையின் பக்கமும் என் மகளைக் களத்தின் பக்கமும் பேசவைத்தால் என்ன ஆகும் என்று நான் உண்மையிலேயே சில நாள் யோசித்தேன். ஆனால் பார்வையாளர் அவை ஒன்று முன்னே உட்கார்ந்தவுடன் பேச்சு எதிராளியை நோக்கிப் போகாமல் கைதட்டலை நோக்கிப் போகிறது. நகைச்சுவை ஒன்று விழுந்தால் ஒரு நல்ல காரணம் தோற்றுவிடுகிறது. கடைசியில் நடுவர் சொல்லும் தீர்ப்பு வேறு இருக்கிறது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் உறவினர்கள் முன் தோற்றவர் தோற்றவராகவே வீடு திரும்பவேண்டும். மாணவர்கள் ஒரு விஷயத்தின் இரு பக்கங்களை முதன்முதலாக அறிய இது மிகச் சிறந்த வழி. ஏற்கெனவே காயம்பட்ட இருவருக்கு இது உகந்த வழியன்று.

கடிதத்துக்கு எங்களுக்குள் யாரும் வாக்களிக்கவில்லை. அது பழைய பாணி என்றார்கள். நான் அதையே முதலில் முயன்றேன், அதற்குக் காரணம் 1934இல் நடந்த ஒன்று. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று சொன்னார். தாகூருக்கு அது பொறுக்கவில்லை. தீண்டாமை எதிர்ப்பில் அவர் காந்தியோடு நின்றவர். ஆனால் இயற்கைச் சீற்றத்தை அறத்தோடு முடிச்சுப்போடுவது பகுத்தறிவுக்கு விரோதமானது, அதே வாதத்தை எதிர்தரப்பார் இன்னும் வசதியாகக் கையாள முடியும் என்று அவர் கண்டார். தம் மறுப்பை எழுதிக் காந்திக்கே அனுப்பினார். காந்தி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே அச்சிட்டு, தம் விடையையும் சேர்த்து வெளியிட்டார்.

இதில் கவனிக்கவேண்டியவை பல. தாகூர் தம் மறுப்பில், காந்தி இந்த நாட்டு மக்களை அச்சத்திலிருந்து விடுவித்ததற்கு நன்றி சொல்லி, அதனாலேயே அவர் வாயிலிருந்து இப்படியொரு சொல் வருவது வலிக்கிறது என்கிறார். அவரை மூடநம்பிக்கையாளர் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லில் பகுத்தறிவின்மை இருக்கிறது என்கிறார். காந்தி தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. தம்மால் அதை நிரூபிக்க இயலாது என்பதையும் மறைக்கவில்லை. எங்களுக்குள் கருத்து வேறுபாடு புதிதன்று, அதனால் அன்பு குறைந்ததும் இல்லை என்று எழுதுகிறார். கருத்தளவில் இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் கழித்துப் படிக்கும் நாம் இருவருடைய காரணங்களையும் முழுமையாக அறிய முடிகிறது. அருட்பா வழக்கில் அது முடியவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து அம்பேத்கருக்கும் காந்திக்கும் இடையே சாதியைப் பற்றி நடந்தது இதைவிடக் கடுமையான வாதம். லாகூரில் தாம் ஆற்றவிருந்த தலைமையுரையின் கருத்துகளை அமைப்பாளர்கள் பொறுக்கமாட்டாமல் மாநாட்டையே கைவிட்டபோது, அம்பேத்கர் 1936இல் அந்த உரையைத் தம் செலவில் அச்சிட்டார். காந்தி அதற்கு 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் மறுப்பையும், அதற்குத் தம் விடையையும் சேர்த்தே வெளியிட்டார். அந்த விடையில் மென்மை எதுவும் கிடையாது. ஆனால் எதிராளியின் முழுச் சொற்களையும் வாசகன் கையில் கொடுத்துவிட்டு, அதன்பின் அவற்றைத் தகர்க்கிறார். மரியாதை என்பதற்கு இதைவிட உறுதியான வடிவம் எனக்குத் தெரியாது.

என் மகள் நவம்பரில் பெரியப்பாவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: 'நீங்கள் எல்லோரும்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கடிதத்தின் பலம், எழுதும்போது எதிராளியின் முகம் தெரியாததால் கோபம் தணிந்து காரணம் மேலே வருவது. அடித்துத் திருத்த முடிவது. படிப்பவர் தனியாக இருந்து இரண்டாம் முறை படிக்க முடிவது. முதல் வரியிலேயே அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டிருந்தாள். கருத்துக்காகக் கேட்கவில்லை. அண்ணன் அந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று அண்ணி என்னிடம் சொன்னார். கடிதத்தின் பலவீனமும் உடனே தெரிந்தது. அண்ணன் எழுதிப் பழகியவர் அல்லர். அவருடைய அறிவு கையிலும் கண்ணிலும் இருக்கிறதே தவிர, பேனாவில் இல்லை. எழுத்தில் மட்டும் வழக்கை நடத்தினால் படித்தவளே வெல்வாள், அந்த வெற்றி நியாயமானதாக இராது. கிராமத்தாரும் படித்தவரும் வாதிடும் எந்த இடத்திலும் இந்தச் சமனின்மையைக் கணக்கில் எடுத்தாகவேண்டும். அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார்: பொங்கலுக்கு வா, ஆத்தா. உட்கார்ந்து பேசுவோம்.

அப்படித்தான் ஐந்தாவது வழிக்கு வந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளாக அமைந்தது. பரபக்கம் பிறர் கொள்கைகளைப் பற்றியது, சுபக்கம் தம் கொள்கையைப் பற்றியது. கண்ணால் காண்பதே மெய் என்னும் உலகாயதத்தை மறுக்கும் முன்பு, உலகாயதன் சொல்வது என்ன என்பதை அவனே பேசுவதுபோல ஆசிரியர் பாடிவிட்டு, அதன் பிறகே மறுதலைக்கு வருகிறார். பௌத்தம் முதலிய பிற மதங்களுக்கும் அதே ஒழுங்கு. நம் தருக்க மரபில் பரவலாக இருந்த முறை இது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசி சமணரின் கடுமையான வாத நூல். இன்று குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை; அதன் பாடல்களில் சிலவற்றைப் பற்றி நாம் அறிவதே நீலகேசிக்கு எழுந்த உரையில் அவை எடுத்தாளப்பட்டிருப்பதால்தான். எதிரியின் சொல்லைச் சரியாகக் குறித்துவைத்த மறுப்பு, எதிரியின் நூல் அழிந்தபின் அதற்குக் காப்பாகவும் ஆயிற்று. இந்த நூல்களில் ஏளனமே இல்லை என்று சொல்லமாட்டேன், நிறையவே உண்டு. ஆனால் முறை நல்ல முறை.

2018 பொங்கலுக்கு மறுநாள் மாலை, தொழுவத்தின் திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். விதி இதுதான்: மகள் முதலில் பெரியப்பாவின் வாதத்தைச் சொல்லவேண்டும், அவர் 'ஆமாம், இதுதான் என் பேச்சு' என்று ஒப்பும் வரை மறுப்புக்குப் போகக்கூடாது. பிறகு அவரும் அப்படியே. அவள் மரபு, வீரம், நாட்டு மாட்டினப் பாதுகாப்பு என்று மூன்று காரணங்களைத் தெளிவாகச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, பாதிதான் வந்திருக்கிறது என்றார். உழவுக்கு டிராக்டர் வந்தபின் ஆண்கன்று பிறந்தால் அது வீட்டுக்குச் சுமை. சில மாதங்களில் சந்தைக்குப் போய், அங்கிருந்து லாரியில் கேரளத்துக்கு அடிமாடாகப் போகும். வாடிவாசல் என்று ஒன்று இருப்பதால்தான் இந்தப் புலிக்குளத்துக் கன்று சாகும்வரை இதே கட்டுத்தறியில் நிற்கும் என்றார். அண்ணி அதோடு, நேர்ந்துவிட்ட மாட்டை நாங்கள் விற்பதில்லை, செத்தால் மாலை போட்டுப் புதைக்கிறோம், அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். களத்தில் நடக்கும் ஓரிரு நிமிடங்களைப் பற்றியே அதுவரை படித்திருந்த மகள், அந்தக் காளையின் மற்ற ஆண்டுகளைத் தன் கணக்கில் சேர்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள். சேர்த்துத் திரும்பச் சொன்னாள். அவர் ஆமாம் என்றார்.

அண்ணனுக்கு அது இன்னும் கடினமாக இருந்தது. மாடு பாவம் என்கிறாய் என்று தொடங்கினார். இல்லை பெரியப்பா, இரக்கம் என் வாதமில்லை என்றாள். தடை வேண்டும் என்கிறாய் என்றார். அது முடிவு, காரணம் அல்ல என்றாள். மூன்றாம் முறை அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, வாடிவாசலுக்குப் பின்னால் குறுகலான பாதையில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது மாட்டுக்கு என்ன ஆகும் என்பதை, அவள் கேட்காமலே, தான் கண்டபடி சொல்லத் தொடங்கினார்: கண்ணில் வெள்ளை தெரியும், சாணம் நீராகும், பக்கத்து மாட்டின் சத்தத்துக்கெல்லாம் உடம்பு சிலிர்க்கும். அந்தப் பயம் நமக்காக உண்டாக்கப்படுகிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டால் முடியாது, அதுதானே உன் பேச்சு என்று கேட்டார். என் மகளின் கண்கள் நிறைந்தன. அவளுடைய பாடநூலைவிட அவர் அதை நன்றாகச் சொல்லிவிட்டார்.

அதன்பின் வாதம் இரண்டு மணி நேரம் நடந்தது, சில இடங்களில் உரத்த குரலில். உழும்போதும் வண்டியில் பூட்டும்போதும் மாட்டிடம் சம்மதம் கேட்டா செய்தோம் என்று அவர் கேட்டதற்கு அவளிடம் எளிய விடை இருக்கவில்லை. அது பிழைப்பு, இது காட்சி என்றாள். எனக்கு இது காட்சியில்லை, சாமிக்கு நேர்ந்தது என்றார். நாட்டினம் குறைந்ததற்குக் கலப்பினச் சினை ஊசியும் டிராக்டருமே பெருங்காரணங்கள் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். ஜல்லிக்கட்டு மட்டுமே இனத்தைக் காப்பாற்றிவிடும் என்ற வாதத்தை அவர் விட்டார். தடை ஒன்றே மாட்டை மகிழ்ச்சியாக வைக்கும் என்ற வாதத்தை அவள் விட்டாள். எஞ்சியது ஒரே கேள்வி: பிழைப்புக்கு அல்லாத ஒரு காரணத்துக்காக, அது எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், ஒரு விலங்குக்கு அச்சத்தை உண்டாக்கலாமா? 2017இல் கத்திக்கொண்ட இருவருக்கும் தங்கள் வேறுபாடு இந்த ஒற்றைப் புள்ளியில்தான் நிற்கிறது என்பது தெரியாது.

இத்தனைக்கும் பிறகு, எல்லா இடத்திலும் பரபக்க முறையே சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு நேரம் வேண்டும், ஓரளவு சமமான நிலை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வாதத்தின் பொருள் வாதிடுகிற ஒருவருடைய மனித மதிப்பாகவே இருக்கக்கூடாது. இதே ஜல்லிக்கட்டுக் களங்களில் யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருக்காரரின் காளை முதலில் அவிழ்வது என்பதில் சாதி நுழைவதைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து வரும் ஓர் இளைஞனிடம், உன்னை ஒதுக்குகிறவரின் வாதத்தை முதலில் நீ அழகாகச் சொல்லிக்காட்டு என்று கேட்பது, அவன்மேல் விழுந்த அவமதிப்பை அவன் வாயாலேயே திரும்பச் சொல்லவைப்பதாகும். அங்கே எடுத்துரைக்கும் கடமை வலுத்தவனுக்கே உரியது. அவன்தான் இளைஞனின் முறையீட்டைப் பிசகாமல் சொல்லிக்காட்டவேண்டும். இளைஞனுக்குக் கண்டனம் உரிமை, அதுவும் செயலைச் சுட்டும் கண்டனமாக இருந்தால் அவன் வழக்குக்கு வலு கூடும்.

எனவே இத்தகைய முடிவை எடுக்கவேண்டிய நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை இவ்வாறு அமையும். கண்ணெதிரே தீங்கு நடந்தால் கண்டித்துத் தடுங்கள். வசைச்சொல் ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால் சில நாள் மௌனம் இருங்கள். அது மாதங்களாக நீள விடாதீர்கள். பிறகு எழுதத் தெரிந்தவர் முதலில் எழுதட்டும், சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு, கருத்தை அப்படியே வைத்து. எழுதப் பழகாதவருக்காக அவருடைய இடத்தில், அவருடைய கையும் கண்ணும் பேசக்கூடிய இடத்தில், நேரில் உட்காருங்கள். நாங்கள் வரவேற்பறையில் உட்காராமல் தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். எடுத்துரைக்கும் முறையை, வசதி மிகுந்தவர் முதலில் தொடங்கட்டும். பார்வையாளர் வேண்டாம். விஷயத்தை இனிமேல்தான் அறியவேண்டிய இளையவர்களுக்குப் பட்டிமன்றம் வையுங்கள், முடிந்தால் தீர்ப்பு இல்லாமல்.

என் மகள் இப்போது கால்நடை மருத்துவர். அவளுடைய பெரியப்பா காளையைப் பதிவு செய்யும் முன் அவளிடம் காட்டுகிறார். போன ஆண்டு முன்னங்கால் வீக்கத்தைச் சுட்டி அவள் வேண்டாம் என்றதும் அவிழ்க்கவில்லை. அவருடைய கருத்து மாறவில்லை, அவளுடையதும் மாறவில்லை. திண்ணையில் எஞ்சிய கேள்விக்கு, கோயில் காளையைக் களத்தில் விடாமல் வாடிவாசல் வரை நடத்தி வந்து மாலை போட்டுத் திருப்பி அழைத்துச் செல்வது நேர்த்திக்கடனை நிறைவேற்றியதாகுமா என்று அவள் இந்த ஐப்பசியில் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. பூசாரியிடம் கேட்டுக்கொண்டிருப்பதாக அண்ணி சொன்னார்.